குவேரா என்று ஒருவர் இல்லை

அப்பாவுக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. நான் மெக்சிகோ சிட்டிக்கு வேலைக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை போனிலும் அதைத்தான் கேட்பார். 1955-இல் ஃபிடல் காஸ்ட்ரோவும் சே குவேராவும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது இந்த ஊரில்தான். அவர்கள் சந்தித்த தபகலேரா பகுதியில் ஒரு பூங்கா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருப்பதுபோல வெண்கலச் சிலை அப்போது இருந்தது (2025-இல் எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை). அப்பா காலமெல்லாம் மில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில் தொப்பி போட்ட சே தொங்கினார். அம்மாவின் விளக்கு இந்தப் பக்கம், அப்பாவின் சே அந்தப் பக்கம். பேச்சு வந்த நாளிலிருந்து நான் சொல்லிவரும் பெயர் அது. டாக்சியில் ஏறி, மனப்பாடம் செய்துவைத்திருந்த ஸ்பானிஷில் சே குவேரா சிலைக்குப் போகணும் என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து "யாரு?" என்றார். குவேரா என்றேன். "யாரு?" கொஞ்சம் சத்தமாக, சே குவேரா என்றேன். வண்டியை ஓரங்கட்டி, பின்னால் திரும்பி, மூன்றாவது தடவையாக "யாரு?" என்றார். போனில் படத்தைத் தேடிக் காட்டினேன். "ஆ! எல் சே! கெவாரா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் கேலி ஒன்றும் இல்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

கெ-வா-ரா. 'கு' இல்லவே இல்லை. ஸ்பானிஷில் 'ஜி'க்கும் (g) 'இ'க்கும் (e) நடுவில் நிற்கும் அந்த 'யு' (u) வாய் திறக்காது, முன்னால் இருக்கும் எழுத்து 'ஹ' ஆகிவிடாமல் 'க' ஆகவே இருக்கட்டும் என்று காவலுக்கு நிற்கிற எழுத்து அது. நாம் காவல்காரனையும் கணக்கில் சேர்த்து, அவனுக்கும் அடுத்த உயிருக்கும் கல்யாணம் செய்துவைத்து, மிச்சமிருந்த 'வா'வை முழுங்கிவிட்டோம். வேடிக்கை என்னவென்றால் 'குவேரா'விலும் மூன்று அசை, 'கெவாரா'விலும் மூன்று அசை. எண்ணிக்கை சரி, வெட்டிய இடம்தான் தப்பு. செகுவாரா என்று எழுதுகிறவர்களும் நம்மிடம் உண்டு. அவர்கள் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பா போன் செய்து, பத்து நிமிஷம் குவேராவைப் பற்றியே பேசினார். நான் திருத்தவில்லை. திருத்துவதற்கு என்னிடம் அப்போது ஒரு உச்சரிப்பு மட்டும்தான் இருந்தது, காரணம் இல்லை.

அதோடு விட்டிருப்பேன். விடாதபடி செய்தது அலுவலகத்தில் நடந்த ஒன்று. நான் மென்பொருள் சோதிக்கிறவன். புது வெர்ஷன் ஏற்றுகிற ஒரு இரவு, என்னுடைய கடைசிச் சோதனை முடிந்தால்தான் மற்றவர்கள் அடுத்த வேலையைத் தொடங்க முடியும். குழுத் தலைவி கதவருகே வந்து "ஆச்சா?" என்று கேட்டார். நான் பெருமையாக "யா தெர்மினோ" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு வேலை முடிந்த நிம்மதி, காபி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷம் கழித்து அவர் மறுபடி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்றார். நான்தான் முடிந்துவிட்டது என்று சொன்னேனே என்றேன். இல்லை, "இதோ முடிச்சிடறேன்" என்று சொன்னீர்கள் என்றார். அழுத்தம் 'மி'யில் விழுந்தால் 'நான் முடிக்கிறேன்'. கடைசி 'நோ'வில் விழுந்தால் 'அது முடிந்தது'. முதல் 'தெர்'ரில் விழுந்தால் வினையே இல்லை, 'முடிவு' என்கிற பெயர்ச்சொல். மூன்றுக்கும் எழுத்து ஒன்றேதான், மேலே போடுகிற ஒரு சாய்கோடு மட்டும் மாறும், அல்லது இல்லாமல் போகும். அந்தக் கோட்டை இங்கே தில்தே என்கிறார்கள். தமிழில் எழுதிப் பாருங்கள், மூன்றும் 'தெர்மினோ'தான். தமிழில் வேறுபடுத்திக் காட்ட வழியில்லை என்பதல்ல விஷயம், என் காதுக்குள்ளேயே வேறுபாடு இல்லை. அதுதான் உறுத்தியது.

புளிமாங்காய்

இரண்டு தெரு தள்ளி, நான் குடியிருந்த போர்தாலெஸ் பகுதியிலேயே, தொடக்கப்பள்ளியில் நாற்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் இருந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார் என்று பக்கத்து ரொட்டிக்கடையில் சொன்னார்கள். எல்லோரையும்போல நானும் அவரை மாயெஸ்த்ரா என்றேன், டீச்சர் என்று அர்த்தம். அவர் என்னை "ஹோவென்" என்று கூப்பிட்டார். தம்பி, வாலிபரே என்கிற மாதிரி. முப்பத்தொன்பது வயதில் யாராவது வாலிபரே என்றால் இன்னும் நாலு வகுப்புக்குக் காசு கொடுக்கத் தோன்றும். முதல் நாளே என் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, ஆறு வயதுக் குழந்தைக்குச் செய்வதுபோலக் கை தட்டச் சொன்னார். வண்ணத்துப்பூச்சிக்கு ஸ்பானிஷில் 'மரிபோசா'. தட்டுங்கள் என்றார். நான் மூன்று தட்டுத் தட்டினேன்: மரி, போ, சா. அவர் தலையசைத்து நான்கு தட்டினார்: ம, ரி, போ, ச.

ஏன் மூன்று தட்டினேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா குறளை அலகிடச் சொல்லி முட்டிக்கு முட்டி தட்டியதன் பலன் இது. இரண்டு குறில் சேர்ந்து வந்தால் நிரை, ஒரே அசை. மரி நிரை, போ நேர், ச நேர். வாய்பாடு புளிமாங்காய். பட்டாம்பூச்சி புளிமாங்காயாகிவிட்டது. நம் யாப்பின் அசை வேறு, அவர்கள் கைதட்டுகிற அசை வேறு. நம்முடையதில் நெட்டெழுத்தா குற்றெழுத்தா என்பது முதல் கேள்வி. அவர்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. ஒரு உயிரோசைக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். ஸ்பானிஷில் குறில் நெடில் என்று பொருள் மாற்றும் சோடிகள் இல்லை. 'படம்', 'பாடம்' வித்தியாசத்தைத் தூக்கத்திலும் விடாத நம் காது, அவர்கள் பேசும்போது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே என்று அழுத்தத்தை நெடிலாக்கிப் பிடித்துக்கொள்கிறது. இதை அப்போது நான் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை.

வெட்டுவதற்கான விதிகள் ஒன்றும் கஷ்டமில்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும். மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுவது நமக்குப் புதிதா என்ன. இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கு ஒன்று. ஆனால் 'ப்ர', 'ப்ல', 'த்ர', 'க்ல' மாதிரி ஒட்டிப் பிறந்தவற்றைப் பிரிக்கக் கூடாது. இரட்டை 'ர'வும் அப்படித்தான், பார்க்க இரண்டு, கேட்க ஒன்று. என்னைச் சாய்த்தது உயிர்கள். அ, எ, ஒ மூன்றும் பலமானவை, இ, உ இரண்டும் பலவீனமானவை என்று மாயெஸ்த்ரா சொல்லிக்கொடுத்தார். பலசாலிகள் இருவர் பக்கத்தில் வந்தால் ஒரே அறையில் தங்க மாட்டார்கள், தியேட்டருக்கு 'தெ-ஆ-த்ரோ' என்று மூன்று அசை. பலசாலியோடு பலவீனன் வந்தால் சேர்ந்து ஒரே அசையாகிவிடுவார்கள், கதவுக்கு 'புவெர்-தா' என்று இரண்டே அசை. நான் 'பு-வெர்-தா' என்று மூன்று தட்டுவேன். இரண்டு உயிர் பக்கத்தில் வந்தால் நடுவில் யகரமோ வகரமோ போட்டு உடம்படுத்தாமல் நம் நாக்கு சும்மா இருக்காது. உடம்படுமெய் போட்டவுடன் அசை ஒன்று கூடிவிடும். அசை கூடினால் கடைசியிலிருந்து எண்ணுகிற எண்ணிக்கை தப்பும். எண்ணிக்கை தப்பினால் அழுத்தம் பக்கத்து வீட்டில் போய் விழும்.

ஏனென்றால் இந்த மொழியில் அழுத்தம் பின்னாலிருந்துதான் எண்ணப்படுகிறது. சொல் உயிரிலோ 'ன்', 'ஸ்' இரண்டில் ஒன்றிலோ முடிந்தால், கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இந்த இரண்டு வரிக்கு அடங்காத சொல் எதுவோ, அதன் தலையில் மட்டும் தில்தே. நான் அதுவரை தில்தேயை ஒரு அலங்காரம் என்றே நினைத்திருந்தேன், பிரெஞ்சுக்காரர்கள் எழுத்துக்கு மேலே எறும்பு விடுவதுபோல. விதிகளை எழுதிக்கொண்டேன், மனப்பாடமும் ஆயிற்று. பேசும்போது ஒன்றும் மாறவில்லை. இரண்டு மாதம் அப்படியே போனது.

பழைய இரும்பு வண்டி

மெக்சிகோ சிட்டியில் ஒரு வாரம் தங்கினவர்களுக்குக்கூட இந்தக் குரல் தெரிந்திருக்கும். ஓட்டை உடைசல் வாங்குகிற சின்ன லாரியின் தலையில் ஒலிபெருக்கி, அதில் ஒரு சிறுமியின் மூக்கால் பாடும் குரல். இந்தத் தொழில் செய்த ஒருவர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், இருபது வருஷம் முன்பு தன் மகளை, அப்போது பத்து வயதுதான் இருக்கும், பேசவைத்துப் பதிவு செய்தாராம். அந்தப் பதிவு வண்டிக்கு வண்டி படியெடுக்கப்பட்டு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சேட்டைக்காரப் பையன்கள் அதைப் போன் ரிங்டோனாக வைத்திருக்கிறார்கள். அவள் சொல்வது இவ்வளவுதான்: "சே கொம்ப்ரன் கொல்சோனெஸ், தம்போரெஸ், ரெஃப்ரிஹெரதோரெஸ், எஸ்தூஃபஸ், லவதோரஸ், மிக்ரோ-ஒந்தஸ், ஓ அல்கோ தெ ஃபியெர்ரோ வியெஹோ கெ வெந்தன்." மெத்தை, கட்டில் கம்பிச்சட்டம், ஃப்ரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், இல்லை விற்பதற்குப் பழைய இரும்பு ஏதாவது இருந்தாலும் வாங்குகிறோம். 'தம்போர்' என்றால் அகராதியில் பறை. இத்தனை பேர் வீட்டில் பழைய பறை எதற்கு என்று நான் ரொம்ப நாள் குழம்பினேன். நம் ஊரில் பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களின் ராகமும் இதே வகைதான். கடைசி எழுத்தைத் தெருக்கோடி வரை இழுப்பார்கள்.

வாரம் இரண்டு முறையாவது வகுப்பு நேரத்தில் அந்த வண்டி வரும். ஜன்னல் கண்ணாடி அதிரும், மாயெஸ்த்ரா பேச்சை நிறுத்திவிட்டுக் காபியை ஒரு வாய் குடிப்பார், வண்டி தெரு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அன்றைக்கு நிறுத்தவில்லை. பேனாவை என் கையில் கொடுத்து, "ஹோவென், அந்தப் பொண்ணு சொல்றதை எழுதுங்க" என்றார். காதில் விழுந்தபடி எழுதினேன். எழுதி முடித்ததும் தில்தே போடச் சொன்னார். அந்தக் குரல் எங்கெல்லாம் இழுத்ததோ அங்கெல்லாம் போட்டேன். 'வெந்தன்' கடைசியில் வெந்தாஆஆன் என்று நீளும், அதில் ஒன்று. 'கொம்ப்ரன்' கொம்ப்ராஆன், அதில் ஒன்று. மெத்தையின் வாலில் ஒன்று. மொத்தம் ஐந்தோ ஆறோ. அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். சிவப்புப் பேனா எடுத்து நான் போட்ட ஒவ்வொரு கோட்டையும் அடித்தார். எல்லாவற்றையும். "இந்த வாக்கியத்துல ஒரு தில்தே கூடக் கிடையாது" என்றார். "ஒரு வார்த்தைக்குக்கூட."

நான் நம்பவில்லை. ஒவ்வொன்றாக எண்ணினோம். கொல்-சோ-னெஸ், 'ஸ்'ஸில் முடிகிறது, கடைசிக்கு முந்தையது 'சோ'. தம்-போ-ரெஸ், 'போ'. ரெ-ஃப்ரி-ஹெ-ர-தோ-ரெஸ், ஆறு அசை இருந்தாலும் பின்னாலிருந்து இரண்டாவது 'தோ'. மி-க்ரோ-ஒன்-தஸ், பலசாலிகள் இருவர் என்பதால் 'க்ரோ'வும் 'ஒன்'னும் தனித்தனி அறை. வியெ-ஹோ, பலவீனனும் பலசாலியும் ஒட்டிக்கொண்டதால் இரண்டே அசை. வெந்-தன், 'ன்'னில் முடிகிறது, அழுத்தம் 'வெந்'. அந்தச் சிறுமி வாயைத் திறந்து சொன்ன ஓரசைக்கு மேற்பட்ட சொல் அத்தனையும் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் கொண்டவை. இந்த மொழியின் பெரும்பான்மைச் சொற்கள் அப்படித்தான், அதனால்தான் அவற்றுக்குக் குறியீடு வேண்டாம் என்று வைத்தார்கள். அப்படியானால் ஏன் 'ன்', 'ஸ்' இரண்டுக்கு மட்டும் சலுகை என்று கேட்டேன். விதியைப் படித்த நாளிலிருந்து அது எனக்கு ஏதோ சட்டப் புத்தகத்து உட்பிரிவுபோலத் தெரிந்தது. மாயெஸ்த்ரா அதே காகிதத்தில் 'எஸ்தூஃப' என்று எழுதி, பக்கத்தில் 'எஸ்தூஃபஸ்' எழுதினார். 'கொம்ப்ர' எழுதி, பக்கத்தில் 'கொம்ப்ரன்'. ஒரு அடுப்பு, பல அடுப்பு. அவன் வாங்குகிறான், அவர்கள் வாங்குகிறார்கள். பன்மைக்குப் பெயர்ச்சொல்லில் 'ஸ்' ஒட்டும், வினையில் 'ன்' ஒட்டும். ஒட்டினாலும் அழுத்தம் நகர்வதில்லை. 'ஸ்', 'ன்' ஒட்டும்போதெல்லாம் விதி மாறினால் நாட்டில் இருக்கிற பன்மைக்கெல்லாம் தில்தே போட வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் சலுகை.

பிறகு இன்னொன்று காட்டினார். ஒரே ஒரு மெத்தை என்றால் 'கொல்சோன்'. 'ன்'னில் முடிந்தும் அழுத்தம் கடைசியில் நிற்கிறது, விதியை மீறுகிறது, ஆகவே தில்தே உண்டு. இரண்டு மெத்தை என்றால் பின்னால் ஒரு அசை சேருகிறது, அழுத்தம் அதே 'சோ'வில்தான், ஆனால் அது இப்போது கடைசிக்கு முந்தையதாகிவிட்டது, தில்தே விழுந்துவிடும். என்னைக் கூப்பிடும் 'ஹோவென்' நேர்மாறு. ஒரு வாலிபன் என்றால் தில்தே இல்லை, பல வாலிபர் 'ஹோவெனெஸ்' ஆனதும் அழுத்தம் பின்னாலிருந்து மூன்றாவதாகப் போய்விடுகிறது, அந்த இடத்தில் அழுத்தம் இருந்தால் எப்போதும் தில்தே போட வேண்டும். அழுத்தம் அசையவில்லை, சொல்தான் அதன் பின்னால் நீண்டது. முன்னாலிருந்து எண்ணுகிறவனுக்கு இது மாயமாகத் தெரியும். பின்னாலிருந்து எண்ணினால் கணக்கு.

இதெல்லாம் சரி, ஆனால் என் காதுக்கு என்ன பதில்? அவள் வெந்தாஆஆன் என்று இழுக்கிறாளே, அது எங்கே போயிற்று? இதைத்தான் கேட்டேன். மாயெஸ்த்ரா என் கேள்வி புரியாததுபோல் பார்த்தார். "அது இழுக்குறது. அழுத்துறது இல்லை" என்றார். அவருக்கு இவை இரண்டும் உப்பும் சர்க்கரையும்போல வெவ்வேறு. எனக்கு அந்த நிமிஷம் வரை ஒன்றே. தமிழில் ஒரு சொல்லை எங்கே அழுத்தினாலும் பொருள் மாறாது, ஆகவே அழுத்தம் என்பது எங்களிடம் கோபத்துக்கும் செல்லத்துக்கும் மட்டும் ஆகிற சரக்கு. நீளம்தான் பொருளைத் தீர்மானிக்கும். ஆகவே ஸ்பானிஷ் பேசுகிறவர் ஒரு அசையை அழுத்தினால் நான் அதை நெடிலாகக் கேட்கிறேன், நெடிலாகத் திருப்பிச் சொல்கிறேன். அவர்கள் அழுத்துகிற அசை கொஞ்சம் நீளவும் செய்யும் என்பதால் பாதி நேரம் பிழைத்துக்கொள்கிறேன். மீதி நேரம், நான் சொல்லில் எல்லா நெடிலையும் நீட்டுவதால், எது அழுத்தம் என்று எதிராளிக்குத் தெரியாமல் போகிறது. அன்றைக்கு 'தெர்மினோ'வில் நான் 'மி'யை அழுத்தினேனா என்றால் இல்லை. கடைசி ஓகாரத்தைத் தமிழன் சொல்வதுபோல் இழுத்தேன், அழுத்தவில்லை. அவர்கள் காதில் அது தன் வழக்கமான இடத்தில், கடைசிக்கு முந்தையதில், போய் உட்கார்ந்துகொண்டது.

மருந்து எளிமையாக இருந்தது, கசப்பாகவும். மேசை மேல் விரல் முட்டியை வைக்கச் சொன்னார். எல்லா அசையையும் ஒரே நீளத்தில், குறிலாக, துண்டு துண்டாகச் சொல்ல வேண்டும். ஒன்றில் மட்டும் முட்டியால் தட்ட வேண்டும், குரலும் அங்கே ஒரு படி ஏற வேண்டும், ஆனால் நீளக் கூடாது. தெர், மி, நொ. கடைசிக் குறிலைத் தட்டி, தட்டிய உடனே வாயை மூட வேண்டும். குறிலைத் தட்டுவது தமிழ் வாய்க்கு எவ்வளவு அந்நியம் என்று நீங்களே செய்து பாருங்கள். நான் தட்டும்போதெல்லாம் 'நொ' தானாக 'நோ' ஆயிற்று. நீளாமல் தட்டினால் குரல் ஏறவில்லை. குரல் ஏறினால் முட்டி மறந்தது. கால் மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை மூன்றும் சேர்ந்து விழுந்தது. "எஸோ!" என்றார் மாயெஸ்த்ரா. அதுதான், அப்படித்தான் என்று அர்த்தம். விரல் முட்டி சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நம் ஆட்களின் எழுத்தை நோண்டுவதே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. நெரூடா என்று நாம் நீட்டியது சரியான இடம், அழுத்தம் 'ரு'வில்தான். மரடோனாவும் சரி. ஆனால் பொலிவார் என்று எழுதி 'வா'வை நீட்டுகிறோம். அவர் பெயரில் இரண்டாவது அசையின் தலையில் தில்தே இருக்கிறது, 'ர்'ரில் முடிந்தும் கடைசியில் அழுத்தாதே என்று அது கத்துகிறது. பொலீவர் என்றால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பனாமா எனும்போது நடுவை நீட்டுகிறோம், அழுத்தமோ கடைசி 'மா'வில். நம் இலக்கியக் கூட்டங்களில் நூறு தடவை கேட்ட 'கார்சியா'வில் உண்மையில் மூன்று அசை: கர்-சி-ஆ. நடுவில் இருக்கும் பலவீன இகரத்தின் தலையில் தில்தே ஏறியதும் அவன் பலசாலியாகித் தனிக்குடித்தனம் போய்விடுகிறான். நாம் அவனை மறுபடி இழுத்துவந்து யகரமாக்கிப் பக்கத்து அறையில் அடைத்துவிட்டோம். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தில்தேயைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்த ஆங்கில அச்சிலிருந்து எழுத்துக்கூட்டியவர்கள் நாம்.

சிறுகோட்டுக்கு எத்தனை அசை

மாயெஸ்த்ராவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒருமுறைதான். வீட்டுப்பாடத்தில் 'கியோன்' என்ற சொல்லை எழுதியிருந்தேன். திரைக்கதைக்கும் அதுதான் சொல், அசைகளுக்கு நடுவே போடும் சிறுகோட்டுக்கும் அதுதான் சொல். நான் தில்தே போடவில்லை, நான் வாங்கிய புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அவர் கை வழக்கப்படி சிவப்பு மையில் போட்டுவிட்டு, அரை நொடி நின்று, தானே அதை அடித்தார். அடித்துவிட்டு, ஸ்பானிஷுக்கு எழுத்து விதி வகுக்கிற, ஸ்பெயினிலிருக்கும் ராயல் அகாதெமியைப் பற்றி நான் இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொன்னார். விஷயம் இதுதான்: ஸ்பெயினில் நிறையப் பேர் இதை 'கி-ஓன்' என்று இரண்டாக உடைத்துச் சொல்வார்கள், மெக்சிகோவில் ஒரே அசை. இரண்டு அசை என்றால் 'ன்'னில் முடிந்து கடைசியில் அழுத்தம், தில்தே வேண்டும். ஒரே அசை என்றால் வேண்டாம். 1999-ஆம் ஆண்டு எழுத்திலக்கணம் இரண்டையும் விட்டுவைத்தது. 2010-இல் ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் அகாதெமிகள் எல்லாம் கூடி, நீங்கள் எப்படிச் சொன்னாலும் எழுதும்போது ஒரே அசை, தில்தே கிடையாது என்று முடிவு செய்தன. அந்த இலக்கணத்துக்கு ஒப்புதல் கொடுத்தது மெக்சிகோவின் குவாதலஹாரா புத்தகக் கண்காட்சியில். "எங்க ஊர்லயே வந்து, எங்க உச்சரிப்பையே விதியாக்கிட்டு, நான் நாற்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் போட்ட கோட்டை அழிச்சிட்டாங்க" என்றார். உச்சரிப்பு அவருடையது வென்றது, கோடு தோற்றது. அவருக்கு எதற்குச் சந்தோஷப்படுவது என்று தெரியவில்லை. சொற்களை அசை பிரிக்கப் போடும் அந்தக் கோட்டின் பெயரையே எத்தனை அசையாகப் பிரிப்பது என்று இரண்டு கண்டங்கள் சண்டை போடுவதை எந்தக் கதைக்காரனும் கற்பனை செய்திருக்க மாட்டான். 'மட்டும்' என்றும் 'தனியாக' என்றும் பொருள் தரும் 'சோலோ' என்ற சொல்லின் தில்தேக்காக நடந்த சண்டை இதைவிடப் பெரிது. குழப்பம் வரும் என்று எழுதுகிறவருக்குத் தோன்றினால் போட்டுக்கொள்ளலாம் என்று 2023-இல் அகாதெமி இறங்கிவந்தபோது அவர் அன்றைய செய்தித்தாளைக் கத்தரித்துக் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார்.

ஊர்ப்பெயர்களிலும் இந்தத் தகராறு உண்டு. பிரமிடுகள் இருக்கும் தெயோதிவாகனை ஊரில் நிறையப் பேர் கடைசி அசையை அழுத்தித் தில்தேயோடு எழுதுகிறார்கள். ஆனால் அது ஆஸ்டெக்குகள் பேசிய நாவாத் மொழிச் சொல். அந்த மொழியில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில்தான். ஆகவே தொல்லியல் துறைக்காரர்கள் தில்தே இல்லாமல் எழுதுகிறார்கள். 'மெக்சிகோ'வே அப்படிப்பட்டதுதான், நாவாத்தில் நடு அசையில் இருந்த அழுத்தம் ஸ்பானிஷ்காரர்கள் வாயில் முதல் அசைக்கு ஓடிவந்துவிட்டது. ஒரு நாட்டின் பெயரையே நகர்த்தியவர்கள் என் பெயரை விடுவார்களா என்ன. வந்த நாளிலிருந்து இந்த ஊரில் என்னைச் 'சரவானன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன், உள்ளுக்குள் மட்டும் ஒரு எரிச்சல் இருந்துகொண்டே இருந்தது. பழைய இரும்பு வண்டிக்குப் பிறகு ஒருநாள் திடீரென்று உறைத்தது: ச-ர-வ-னன். 'ன்'னில் முடிகிறது. கடைசிக்கு முந்தையது 'வ'. அவர்கள் தப்பே செய்யவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி, விதி பிசகாமல் படித்திருக்கிறார்கள். வாஷிங் மெஷினைச் சொல்வதுபோல.

இதை மாயெஸ்த்ராவிடம் சொன்னேன். உங்கள் ஊரில் எங்கே அழுத்துவீர்கள் என்று கேட்டார். அழுத்துவதே இல்லை, வேண்டுமானால் முதல் அசை லேசாகத் தூக்கலாக இருக்கும் என்றேன். சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். அவர் மேசையில் முட்டியால் தட்டிப் பார்த்து, பின்னாலிருந்து எண்ணி, நான்காவது அசையில் அழுத்தம் என்று கண்டுபிடித்து, விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்பானிஷில் எந்தத் தனிப் பெயர்ச்சொல்லுக்கும் கடைசியிலிருந்து அவ்வளவு தள்ளி அழுத்தம் கிடையாதாம். வினையோடு இரண்டு பிரதிப்பெயர் ஒட்டிக்கொண்டால் மட்டும் வரும்: 'தீகமெலோ'. அதை எனக்குச் சொல்லுங்கள் என்று அர்த்தம். "உங்க பேரு ஒரு கட்டளை மாதிரி இருக்கு, ஹோவென்" என்றார். பிறகு ஒரு காகிதத்தில் ஸ்பானிஷ் எழுத்தில் என் பெயரை எழுதி, முதல் உயிரின் தலையில் சிவப்பு மையால் ஒரு தில்தே போட்டுக் கொடுத்தார். இப்படி எழுதினால் ஆறு வயதுக் குழந்தைகூடச் சரியாகக் கூப்பிடும் என்றார்.

அடுத்த சனிக்கிழமை, மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து காபிக்கடையில் நல்ல கூட்டம். பெயரைச் சொல்லச் சொன்ன பெண்ணிடம் நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கி, சீட்டில் எழுதி, தில்தேயும் போட்டுக் கொடுத்தேன். ஓரமாக நின்று போனில் அப்பாவின் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். சே பிறந்தநாளுக்குத் தெருவில் பேனர் வைத்த படம் அனுப்பியிருந்தார், பெரிய எழுத்தில் 'சே குவேரா'. கவுண்டரில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். கொஞ்சம் சத்தமாக மூன்றாவது தடவை. பக்கத்தில் நின்ற ஒருவர் என் முழங்கையைத் தொட்டு, அந்தக் காபி உங்களுடையதா என்று கேட்டார். கோப்பையில் என் பெயர், தில்தேயோடு. அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் முதல் அசையைத் தட்டி, அச்சாக என் அம்மா கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் 'சரவானன்' வருமென்று காத்துக்கொண்டிருந்தேன்.